எஞ்சின் பெட்டி மோல்டில் ஜெல்கோட் ஏன் சுருங்கியது: ஒரு நிகழ்வு ஆய்வு

நாகை கடலோரத்தில் ஃபைபர் படகு கட்டும் ஒரு சிறு பட்டறையில் எஞ்சின் பெட்டி மூடிக்கு மோல்டு (பொருளை வார்த்தெடுக்கும் அச்சு) போட்டார்கள். ஐப்பசி மாதம், விட்டுவிட்டு மழை. பேட்டர்னிலிருந்து, அதாவது மோல்டைப் படியெடுக்கும் மாதிரி உருவத்திலிருந்து, மோல்டு எளிதாகவே பிரிந்து வந்தது. ஆனால் மேல்தளத்தின் மூன்று விளிம்புகளில் ஜெல்கோட் (வெளிப்பரப்பாக அமையும் முதல் ரெசின் பூச்சு) முதலைத்தோல் போலச் சுருங்கியிருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஊசித்துளைகள். நடுவில் காசு அளவு வட்டங்கள். டியூப் லைட்டைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் பின்னால் உள்ள ரோவிங் எனும் கண்ணாடி இழைத் துணியின் கட்டம் அப்படியே தெரிந்தது. மூலையில் தட்டினால் பொள்ளலான சத்தம். ஐந்து விதமான குறை ஒரே மோல்டில் வந்ததால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர் கரைகளில் ஃபைபர் படகு பெருகியது. கூடவே மோல்டு போடும் வேலையும் பெருகியது. படகு உடல் வார்ப்பதில் தேர்ந்த கைகள் இங்கே நிறைய உண்டு. மோல்டு வேலையில் மட்டும் அதே கைகள் தடுமாறுவதைப் பார்க்கலாம். படகில் ஒரு ஊசித்துளை இருந்தால் அது அந்தப் படகோடு போயிற்று. மோல்டில் இருந்தால் அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு குமிழாக வரும், ஒவ்வொன்றையும் தேய்த்தாக வேண்டும்.

குறை கண்டதும் பட்டறையில் முதலில் கைக்கு வருவது வாட்டர் பேப்பர். அதைக் கீழே வைத்துவிட்டு மார்க்கர் பேனாவை எடுப்பதுதான் சரி. எந்தக் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று மோல்டின் மேலேயே வரைந்து, போட்டோ எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். ஜெல்கோட் குறைகளில் காரணத்தைச் சொல்வது பெரும்பாலும் குறையின் வடிவம் அல்ல, அது இருக்கும் இடம். தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

மோல்டும் அதன் கணக்கும்

பேட்டர்ன் பிளைவுட்டில் செய்தது. மேலே பட்டி, பிரைமர், இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. பெயின்ட். மேல்தளம் 1.2 மீட்டருக்கு 0.8 மீட்டர், உயரம் அரை மீட்டர், சுற்றிலும் 10 செ.மீ. ஃபிளாஞ்ச் (வெளியே நீளும் ஓரப்பட்டை). மேல்தளத்தில் கைப்பிடிக்காக 6 செ.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 3.4 சதுர மீட்டர்.

பட்டறையில் வேலைக் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் காலி டப்பாவும் கலந்தவர்களின் நினைவும் போதுமானதாக இருந்தன. முதல் கோட்டுக்கு 1.3 கிலோ டூலிங் ஜெல்கோட் (மோல்டுக்கென்றே உள்ள ரகம்), அதில் 10 மி.லி. கேட்டலிஸ்ட் (ஜெல்கோட்டை இறுக வைக்கும் திரவம்). இரண்டாவது கோட்டுக்கு 1.9 கிலோ, 30 மி.லி. இரண்டும் பிரஷ்ஷில் அடித்தவை. முதல் கோட் மாலை ஐந்து மணிக்கு, இரண்டாவது அதற்கு ஒன்றேகால் மணி நேரம் கழித்து.

இந்த எண்களை வைத்தே பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் கோட்டில் டப்பாவிலும் பிரஷ்ஷிலும் ஒட்டிப்போனது 200 கிராம் என்று வைத்தால் பேட்டர்ன் மேல் போனது 1.1 கிலோ. ஜெல்கோட்டின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 1.17 கிலோ. ஆக 0.94 லிட்டர் 3.4 சதுர மீட்டரில் பரவியிருக்கிறது. சராசரித் தடிமன் 0.28 மி.மீ. இது சராசரிதான். பிரஷ் வேலையில் கூர்விளிம்பின் மேல் ஜெல்கோட் நிற்காது, இரு பக்கமும் வழிந்து இறங்கும். விளிம்பில் இதில் பாதிகூட இருந்திருக்காது. அரை மி.மீ. இருக்க வேண்டிய முதல் கோட் இது.

அடுத்தது கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட்டாகப் போடும் எம்.இ.கே.பி. ஒரு மி.லி. சுமார் 1.17 கிராம் எடை. 10 மி.லி. என்றால் 12 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 1.3 கிலோவுக்கு அது 0.9 சதவீதம்தான். இரண்டாவது கோட்டுக்குப் போட்ட 30 மி.லி. 1.8 சதவீதம் வருகிறது, அது சரியான அளவு. முதல் கோட்டுக்கு ஏன் குறைத்தார்கள் என்றால் கத்திரி வெயில் பழக்கம். மே மாதம் 38 டிகிரியில் டப்பாவிலேயே கட்டியாகிவிடும் என்று அளவைக் குறைத்துப் பழகிய கை, ஐப்பசி மாலையில் 27 டிகிரியிலும் அதே அளவை ஊற்றியது. பெரிய கோட் என்பதால் இரண்டாவதற்கு மட்டும் தாராளமாக விட்டிருக்கிறார்கள்.

சூட்டுக்குத் தகுந்தபடி கேட்டலிஸ்ட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு தரை உண்டு. பெரும்பாலான ஜெல்கோட்டுக்கு 1.2 சதவீதம்தான் கீழ் எல்லை. அதற்கும் கீழே போனால் ஜெல் ஆகும், கையில் ஒட்டாத மாதிரிகூட இருக்கும், ஆனால் உள்ளே முழுமையாக இறுகாது. அப்புறம் வெயிலில் வைத்தாலும் அது சரிவராது. வெயில் அதிகமென்றால் விடியற்காலையில் வேலை செய்யலாம், கலவையைச் சிறு பங்காகப் பிரிக்கலாம், விற்பவரிடம் ஜெல் நேரம் அதிகமுள்ள ரகம் கேட்டு வாங்கலாம். கேட்டலிஸ்ட்டை 1.2 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது மட்டும் கூடாது.

சுருக்கம்

சுருக்கம் வருவதற்கு எப்போதும் ஒரே வழிதான். அரைகுறையாக இறுகிய ஜெல்கோட்டின் மேல் புதிதாக ஸ்டைரீன் (ஜெல்கோட்டிலும் ரெசினிலும் கலந்திருக்கும் திரவம்) வந்து விழுகிறது. அது இரண்டாவது கோட்டிலிருந்தும் வரலாம், மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைக்கும்போது ஊற்றும் ரெசினிலிருந்தும் வரலாம். கீழே உள்ள படலம் அதைக் குடித்து ஊதுகிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் பேட்டர்னை விட்டு எழும்பி மடிகிறது. முழுதாக இறுகிய, தடிமனான படலத்தில் ஸ்டைரீன் இந்த அளவுக்கு ஊடுருவாது. ஆகவே மெல்லிய படலம், குறைந்த கேட்டலிஸ்ட், அவசரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் சுருக்கம் வரும். இங்கே மூன்றும் இருந்தன.

அப்படியானால் மோல்டு முழுவதும் ஏன் சுருங்கவில்லை? பலகைப் பரப்பில் படலம் 0.3 மி.மீ.க்குப் பக்கத்தில் இருந்ததால் ஏதோ தப்பித்தது. விளிம்பில் அதில் பாதி என்பதால் தப்பவில்லை. சுருக்கம் 20 முதல் 40 மி.மீ. அகலப் பட்டையாக விளிம்பை ஒட்டியே ஓடியது. இந்த வடிவத்தைப் பார்த்ததும் தடிமன் குறைவு என்று முடிவு கட்டலாம். நான்காவது விளிம்பு தப்பியதற்கும் காரணம் உண்டு. அந்த விளிம்பை மட்டும் பேட்டர்னில் நன்றாக உருட்டியிருந்தார்கள், 6 மி.மீ. ஆரம் இருந்தது. மற்ற மூன்றும் ஏறக்குறையக் கத்திமுனை.

கைப்பிடிப் பள்ளத்தின் அடியில் வந்த சுருக்கம் வேறு கதை. அங்கே படலம் மெல்லியதாக இல்லை, வழிந்து தேங்கித் தடிமனாகவே இருந்தது. ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் இறங்கி அங்கேயே தங்கும். ஆவி மூடியிருக்கும் வரை அடியில் உள்ள ஜெல்கோட் இறுகத் தாமதமாகும். மேல்தளத்தைத் தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று அடுத்த கோட் அடிக்கும்போது பள்ளத்தின் அடி இன்னும் பச்சையாக இருந்திருக்கிறது. அதோடு மோல்டு பேட்டர்னில் ஒட்டாமல் பிரிவதற்காகப் போடும் பி.வி.ஏ.வை ஸ்பாஞ்சில் தடவியதால் அது பள்ளத்தில் குளமாகத் தேங்கி, மழைக்கால ஈரத்தில் காயாமலும் இருந்திருக்கிறது. பி.வி.ஏ.வில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் ஆல்கஹாலும். ஜெல்கோட் இறுகுவதை இரண்டும் கெடுக்கும். தொட்டுப் பார்ப்பதென்றால் எப்போதும் ஆழமான மூலையில்தான் பார்க்க வேண்டும். பள்ளம் உள்ள எந்த மோல்டிலும் முதல் கோட் ஜெல் ஆனதும் சிறு மின்விசிறியைத் தாழ வைத்து ஆவியை வெளியே தள்ள வேண்டும். ஜெல் ஆவதற்கு முன் நேராகக் காற்று அடித்தால் மேற்பரப்பில் ஸ்டைரீன் பறந்து வேறு தொல்லை வரும்.

கண்ணாடிச் சோதனை

இந்த விளக்கம் சரிதானா என்று பார்க்க மலிவான வழி ஒன்று இருக்கிறது, எல்லாப் பட்டறையும் செய்யலாம். 30 செ.மீ. சதுரக் கண்ணாடி நான்கு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் மெழுகு போட்டுத் துடைத்து, முதல் கோட் அடிக்க வேண்டும். ஒன்றில் 0.25 மி.மீ., கேட்டலிஸ்ட் 0.9 சதவீதம். அடுத்ததில் அதே தடிமன், 1.8 சதவீதம். மூன்றாவதில் 0.5 மி.மீ., 0.9 சதவீதம். நான்காவதில் 0.5 மி.மீ., 1.8 சதவீதம். தடிமனைச் சீப்பு கேஜால் அளக்கலாம். பற்கள் வெவ்வேறு உயரத்தில் உள்ள சின்ன உலோகச் சீப்பு அது. ஈரப் படலத்தில் குத்தி எடுத்தால் எந்தப் பல் வரை நனைந்திருக்கிறதோ அதுதான் தடிமன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து நான்கின் மேலும் இரண்டாவது கோட் அடித்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கி அடிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பட்டறையில் இதைச் செய்தபோது முதல் கண்ணாடியில் சில நிமிடங்களிலேயே மாற்றம் தொடங்கியது. கருப்புப் பளபளப்பில் முதலில் மங்கலான ஒரு புள்ளி. ஜெல்கோட் கண்ணாடியை விட்டு எழும்பும் இடம் அது. புள்ளி கோடாகி, கோடு கிளை பிரிந்து, வலையாகப் பரவியது. நான்காவது கண்ணாடி கடைசி வரை கண்ணாடி போலவே இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் சுருக்கம். தடிமனைச் சரி செய்தால் மட்டும் போதாது, கேட்டலிஸ்ட்டைச் சரி செய்தால் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு என்பது அதிலேயே தெரிந்தது. பேச்சில் நம்பாதவர்கள் கண்ணாடியில் பார்த்தால் நம்பிவிடுவார்கள். புதிய டப்பா ஜெல்கோட் வந்தாலும், பருவம் மாறினாலும் இந்தச் சோதனையை ஒருமுறை போட்டுவிடுவது நல்லது.

ஊசித்துளைகள்

துளைகள் மோல்டு முழுவதும் சிதறியிருந்தால் கலக்கும்போது புகுந்த காற்று என்று சொல்லலாம். இங்கே ஒரே ஒரு சுவரில் மண்டிக்கிடந்தன. கடைசியாக அடித்த சுவர் அது. டப்பாவில் ஜெல்கோட் கெட்டியாகத் தொடங்கிய நேரம். கெட்டியான ஜெல்கோட்டைப் பிரஷ்ஷால் முன்னும் பின்னும் இழுத்தால் காற்று உள்ளே மாட்டும், வெளியேற நேரமும் இருக்காது. கோட்டுக்கு வேண்டிய முழுவதையும் ஒரே டப்பாவில் கலந்ததுதான் தவறு. அத்தனை எடை டப்பாவில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே வேகமாக ஜெல் ஆகும்.

கலக்கிய முறையும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. டிரில் மெஷினில் பிளேடு மாட்டி முழு வேகத்தில் சுழற்றியிருக்கிறார்கள். டூலிங் ஜெல்கோட் கெட்டியானது, அதற்குள் போன காற்றுக்குமிழ் லேசில் மேலே வராது. அடியில் படிந்த நிறமியைக் கலக்குவதை முந்தைய நாளே மெதுவாகச் செய்து டப்பாவை மூடி வைத்துவிட வேண்டும். மறுநாள் கேட்டலிஸ்ட் ஊற்றியதும் தட்டையான குச்சியால் ஓரம், அடி எல்லாம் வழித்து இரண்டு நிமிடம் கையால் கலக்கினால் போதும். இளகுவதற்கு அசிட்டோன் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஆவியாகும்போது துளை விடும், ஜெல்கோட்டின் பலத்தையும் கெடுக்கும். எந்தக் காரணத்துக்கும் அது வேண்டாம்.

ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் நிறையச் சேரும். வேலை தொடங்குமுன் அடிவால்வைத் திறந்து வடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர்த் துளியே துளையாகவும் குழியாகவும் வரும்.

வட்டங்கள்

மேல்தளத்தின் நடுவில் இருந்த வட்டங்களை விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படவில்லை. மெல்லிய கோடு மட்டும் வட்டமாகத் தெரிந்தது. மீன்கண் எனப்படும் குறையின் சுவடு இது. அந்த இடத்தில் முதல் கோட் பேட்டர்னில் ஒட்டாமல் விலகி வட்டமான ஓட்டையை விட்டிருக்கிறது. இரண்டாவது கோட் அந்த ஓட்டைக்குள் புகுந்து பேட்டர்ன் வரை போய் நிரப்பியிருக்கிறது. அதனால்தான் பரப்பு சமமாக இருக்க, எல்லைக்கோடு மட்டும் தெரிகிறது. பேட்டர்னைப் பளபளப்பாக்க கார் பாலிஷ் போட்டதாகச் சொன்னார்கள். அதில் உள்ள சிலிக்கோன்தான் ஜெல்கோட்டைத் தள்ளியது. நடுவில் மட்டும் வந்தது ஏனென்றால் பாலிஷை நடுவில் கொட்டித்தான் பரப்பியிருக்கிறார்கள்.

சிலிக்கோன் போன இடத்தை மெழுகு போட்டு மறைக்க முடியாது. கரைப்பான் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி, பிறகு வாட்டர் பேப்பர் போட்டு, மறுபடி துடைக்க வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க, கேட்டலிஸ்ட் சேர்க்காத ஜெல்கோட்டைக் கையகலத்துக்குத் தடவி ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். விலகி வட்டம் விட்டால் இன்னும் இருக்கிறது. விலகாவிட்டால் துடைத்தெடுத்து, அந்த இடத்துக்கு மறுபடி மெழுகு போட வேண்டும்.

கட்டமும் பொள்ளலும்

ரோவிங் கட்டம் தெரிந்ததற்குக் காரணம் நேரானது. ஜெல்கோட் முடிந்த மறுநாளே மூன்று 450 கிராம் மேட், ஒரு 600 கிராம் ரோவிங் (சதுர மீட்டருக்கான எடை இது) எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார்கள். அத்தனை தடிமனில் ரெசின் இறுகும்போது சூடு ஏறும், ரெசின் சுருங்கும், இழை சுருங்காது. ரோவிங்கில் கட்டத்துக்குக் கட்டம் ரெசினின் அளவு மாறுவதால் சுருக்கமும் மாறும், மேல் பரப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாம் நாளே பிரித்தெடுத்து வெயிலில் சாய்த்து வைத்ததில், மிச்சம் இருந்த இறுகல் பேட்டர்னின் ஆதரவு இல்லாமல் நடந்து கட்டம் இன்னும் ஆழமானது.

ஃபிளாஞ்ச் சேரும் மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. ஓர் இடத்தில் நாணயமே ஜெல்கோட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. 450 மேட் அவ்வளவு கூர்மையான மூலையில் மடங்காது, நிமிர்ந்து பின்னால் காற்றுப்பை விடும்.

சரி செய்வதா, மறுபடி போடுவதா

சுருக்கத்தின் ஆழம் சில இடங்களில் 0.4 மி.மீ. இருந்தது. மொத்த ஜெல்கோட்டே சராசரி 0.7 மி.மீ.தான். தேய்த்தால் பின்னால் உள்ள மேட் வெளியே வந்துவிடும். மூன்று விளிம்பையும் வெட்டி எடுத்து மறுபடி நிரப்பலாம். ஆனால் அதற்கடியில் இருப்பதே அரைகுறையாக இறுகிய ஜெல்கோட். அதன் மேல் செய்யும் ஒட்டு வேலை சில பொருள் எடுத்ததும் விரிசல் விடும். பேட்டர்னோ சேதமின்றி இருந்தது. ஆகவே மறுபடி போடுவதே சிக்கனம் என்று முடிவானது. பேட்டர்ன் நல்ல நிலையில் இருக்கும்போது ஒட்டுப்போட்ட மோல்டைக் கட்டிக்கொண்டு அழுவது வீண் வேலை. பேட்டர்ன் உடைந்திருந்தால் வேறு வழி உண்டு. கெட்ட மோல்டில் மேலோட்டமாகச் சரி செய்து ஒரு பொருளைத் தடிமனாக எடுத்து, அந்தப் பொருளைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு, அதையே புதுப் பேட்டர்னாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மோல்டு

முதலில் பேட்டர்ன். கூரான மூன்று விளிம்பையும் 5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, அந்த இடங்களுக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள். பி.யூ. பெயின்ட் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டைரீன் பெயின்ட்டையே தூக்கும். 400இல் தொடங்கி 600, 800, 1200 வரை வாட்டர் பேப்பர், பிறகு சிலிக்கோன் இல்லாத ரப்பிங் காம்பவுண்ட். கார்னாபா மெழுகு ஆறு கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மணி நேரம், கடைசிக் கோட்டுக்குப் பின் ஓர் இரவு. பி.வி.ஏ.வை ஸ்பாஞ்சுக்குப் பதில் ஸ்ப்ரேயில் மூன்று மெல்லிய கோட்டாக அடித்து, பள்ளத்தில் மின்விசிறி வைத்துக் காய வைத்தார்கள். பி.வி.ஏ. காய்ந்தால் விரல்நுனியில் வழவழப்பாக, உலர்ந்து இருக்கும். லேசாக இழுத்தாலும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

ஜெல்கோட் கணக்கு: 0.5 மி.மீ.க்கு 3.4 சதுர மீட்டரில் 1.7 லிட்டர், அதாவது 2 கிலோ. டப்பா, பிரஷ் சேதத்துக்கு 300 கிராம். ஒரு கோட்டுக்கு 2.3 கிலோ, இரண்டு கோட்டுக்கு 4.6 கிலோ. ஒவ்வொரு கோட்டையும் 1,150 கிராம் வீதம் இரண்டு டப்பாவில், தலா 21 கிராம் கேட்டலிஸ்ட்டோடு, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கலந்தார்கள். கேட்டலிஸ்ட்டைப் பாட்டில் மூடியில் அளக்கவில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினார்கள். முதல் கோட் கருப்பு, இரண்டாவது பச்சை. இரண்டும் ஒரே ரக டூலிங் ஜெல்கோட். அடிக்கும்போது விட்டுப்போன இடம் கண்ணில் படும், பிற்பாடு தேய்க்கும்போது பச்சை தெரிந்தால் கையை நிறுத்த வேண்டும் என்றும் தெரியும்.

காலை ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து தொடங்கினார்கள். முதலில் பள்ளமும் விளிம்புகளும், பிறகு சுவர், கடைசியில் மேல்தளம். விளிம்பில் ஒவ்வொரு சாணுக்கும் சீப்பு கேஜ். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு பள்ளத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தபோது விரலில் பிசுபிசுத்தது, கருப்பு ஒட்டி வரவில்லை. அந்தப் பதம்தான் அடுத்த கோட்டுக்கு வேண்டியது. அதற்காக ராத்திரி முழுக்க விட்டுவிடவும் கூடாது. முழுதாக இறுகினால் அடுத்த கோட் பிடிக்காது, ஜெல்கோட் சுருங்கிப் பேட்டர்னை விட்டுத் தானாகக் கழன்றுகொள்ளவும் செய்யும்.

அன்று மாலையே முதல் மேட். மூலைகளில் ரெசின், நறுக்கிய இழை, ஏரோசில் (கெட்டியாக்கும் நுண்ணிய சிலிக்கா தூள்) கலந்த பசையை 8 மி.மீ. ஆரத்துக்கு விரலால் இழுத்துவிட்டு, அதன் மேல் 300 கிராம் மேட் ஒரே ஒரு அடுக்கு. ரெசின் வினைல் எஸ்டர், மேட்டின் எடையைப் போல் இரண்டேகால் மடங்கு. வினைல் எஸ்டரில் சாதாரண எம்.இ.கே.பி. போட்டால் நுரை தள்ளும், சிறு குமிழாக உள்ளேயே நிற்கும். வினைல் எஸ்டருக்கென்று விற்கும் கேட்டலிஸ்ட்டைத்தான் வாங்க வேண்டும். இந்த ஒரு அடுக்கை ரோலரால் காற்று இல்லாமல் உருட்டுவதில் எவ்வளவு நேரம் போனாலும் தகும். மறுநாள் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டி, பொள்ளல் கேட்ட இடங்களை வெட்டிப் பசை நிரப்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 450 மேட் இரண்டு அடுக்குக்கு மேல் வைக்கவில்லை. நான்கு நாளில் எட்டு அடுக்கு, ஏறக்குறைய 8 மி.மீ. ரோவிங் வேண்டுமென்றால் நான்கு மேட்டுக்கு அப்பால்தான். வலுவுக்கான மரச்சட்டங்களை முழுவதும் இறுகிய பின், அடியில் மெல்லிய ஃபோம் பட்டை கொடுத்து ஒட்டினார்கள். மரத்தை நேராக வைத்தால் அதன் கோடு முன்பக்கம் தெரியும். கடைசி அடுக்குக்குப் பின் ஏழு நாள் பேட்டர்ன் மேலேயே விட்டார்கள். பிரித்தபோது சுருக்கம் எங்கும் இல்லை, கட்டமும் இல்லை. சுவர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஊசித்துளைகள் மட்டும் இருந்தன. பிரஷ் வேலையில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

அந்தத் துளைகளை அடைத்த முறை: துளையை அப்படியே நிரப்பினால் அடியில் காற்று நிற்கும். 3 மி.மீ. டிரில் பிட்டின் முனையைக் கையால் திருப்பி வாயைப் புனல் போல அகலப்படுத்த வேண்டும். தூசியை ஊதி, அசிட்டோன் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு 2 சதவீதக் கேட்டலிஸ்ட் கலந்த அதே கருப்பு ஜெல்கோட்டைப் பல்குச்சியால் அடியிலிருந்து மேலாகக் கொஞ்சம் புடைக்க நிரப்ப வேண்டும். அதன் மேல் ஓ.ஹெச்.பி. ஷீட் துண்டை ஒட்டிவிட வேண்டும். ஜெல்கோட்டில் மெழுகு கிடையாது, காற்றுப் படும் பக்கம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஷீட் காற்றைத் தடுக்கும். மறுநாள் ஷீட்டை உரித்து, ரப்பர் கட்டையில் 600 சுற்றிப் புடைப்பை மட்டம் செய்து, 800, 1000, 1200, 1500 என்று ஏறி, காம்பவுண்ட் போட்டால் துளை இருந்த இடம் தெரியாது. விரலால் வாட்டர் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் சுற்றிப் பள்ளம் விழும், கட்டை அவசியம்.

பாதுகாப்பு பற்றி இரண்டு சொல். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். ஒரு துளி எம்.இ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அளந்து ஊற்றும்போது கண்ணாடி போட வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். துணி மாஸ்க் ஸ்டைரீனைத் தடுக்காது, ஆவி வடிகட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும்.

புது மோல்டில் முதல் ஐந்து பொருள் வரை ஒவ்வொரு முறையும் புது மெழுகும் பி.வி.ஏ.வும் போட்டார்கள். அதற்குப் பின் மெழுகு மட்டும், நான்கைந்து பொருளுக்கு ஒருமுறை. வேலையில்லாத நாட்களில் மோல்டுக்குள் பழைய பொருள் ஒன்றைப் பொருத்தி, கவிழ்த்து, கூரைக்கடியில் வைக்கிறார்கள். முதல் மோல்டு மட்டும் இன்னும் வெளியே கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு விளிம்புச் சுருக்கத்தையும் மூலைப் பொள்ளலையும் அதில் தொட்டுக்காட்டித்தான் கேட்டலிஸ்ட் அளவைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.